கரண்டு இல்லாத நேரம்

21-2-83, திங்கள்

இன்றும் மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போனது. ஐந்து மணிக்கு வரும் என்று பேர். மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்டு இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். குருவிகுளத்தில் என் அண்ணன் மூக்காண்டிக்கு மழை இல்லாமல் மிளகாய் போச்சு. இங்கே எனக்கு மழை இல்லாமல் தறி நிற்கிறது. கரிசல்காட்டை விட்டு ஓடிவந்து விசைத்தறி போட்டும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. என்ன தலையெழுத்தோ.

தறிகள் நின்றதும் வழக்கம்போல ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் ஓடைப் பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்தோம். நான், கோமதிநாயகம் அண்ணாச்சி, சங்கரசுப்பு, இன்னும் இரண்டு பேர். தறிச் சத்தத்திலேயே கிடந்து எங்கள் எல்லோருக்கும் காது மந்தம். கரண்டு போன பிறகும் கொஞ்ச நேரத்துக்குக் கத்திக் கத்தித்தான் பேசுவோம். சங்கரசுப்பு தன் மாமனாரைப் பற்றி ரகசியம் என்று ஏதோ சொல்ல, ரோட்டில் போன ஆள் சைக்கிளை நிறுத்தி, "அவரு எங்க மாமாவுக்குச் சிநேகிதம்" என்றான். கோமதிநாயகம் அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமியே விட்டார்.

பிரயோசனமாக ஒன்றும் பேசுவதில்லை. மூன்று மணி நேரம் வீண். ஆனாலும் ஐந்து மணிக்கு எழுந்து வரும்போது உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

24-2-83, வியாழன்

இன்றைக்குச் சிரித்ததில் விலா வலிக்கிறது. எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

3-3-83, வியாழன்

பாலத்தில் உட்கார்ந்திருக்கும்போது பிடரியைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. எனக்கே தெரியாது. கோமதிநாயகம் அண்ணாச்சிதான் கவனித்தார்.

"என்னவே, மூஞ்சி செவந்து கெடக்கு? நேத்தும் இப்படித்தான் இருந்தீரு."

வெயில் என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, மூக்கிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டிவிட்டது. அவர் அப்போதே எழுந்துவிட்டார். என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ரத வீதி டாக்டரிடம் மிதித்துக்கொண்டு போனார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைவிட ஒல்லி. மேட்டில் மூச்சு வாங்கியது. இறங்குகிறேன் என்றேன், "சும்மா இரும்வே" என்று திட்டினார்.

பிரஷராம். அதுவும் ரொம்ப அதிகமாம். டாக்டர் என்னிடம் சொல்வதைவிட அண்ணாச்சியைப் பார்த்தே எல்லாம் சொன்னார். உப்பைக் குறைக்கணும், தூங்கணும், மாத்திரையை ஒரு நாள் விடக்கூடாது. அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

வரும் வழியில் சொன்னேன் - வீட்டில் தெரிய வேண்டாம், தெருவில் தெரிய வேண்டாம். தறிக்காரனுக்குச் சீக்கு என்று தெரிந்தால் நூல் முதலாளி நூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நம்மை நம்பி நூல் தருகிறவர் நம் தறியை மட்டுமா பார்க்கிறார், முகத்தையும்தான் பார்க்கிறார்.

"தெருவுல சொல்ல வேண்டாம், சரி. பொண்டாட்டிகிட்டயுமா சொல்லக்கூடாது?"

"செண்பகவல்லி பயந்துக்கிடுவா."

அண்ணாச்சி சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "மாத்திரை எங்கிட்ட இருக்கட்டும். தெனமும் பாலத்துக்கு வாரீர்லா, அங்கன வச்சுத் தாரேன். உம்மகிட்ட குடுத்தா நீரு திங்க மாட்டீரு" என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார்.

12-3-83, சனி

சாப்பாட்டில் ஊறுகாயை ஒதுக்கினேன். செண்பகவல்லி என் முகத்தையே பார்த்தாள். "என்ன, புதுசா விரதமா?" என்றாள். ஆமாம், சனிக்கிழமை என்றேன். "நேத்தும் ஒதுக்கினீகளே, நேத்து வெள்ளிக்கிழமைலா?" இந்த வீட்டில் ஒரு பொய் சொல்லிப் பிழைக்க முடிகிறதா?

பாலத்தில் மாத்திரையைக் கொடுக்கும்போது இதைச் சொன்னேன். அண்ணாச்சி, "அவ கெட்டிக்காரி. நீருதான் மடையன்" என்றார்.

4-4-83, திங்கள்

பங்குனி கடைசி. அண்ணனைப் பார்க்கக் குருவிகுளம் போயிருந்தேன். காடு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் பாறை பளபளக்கிறது. மேட்டில் அவனுடைய ஆயில் எஞ்சின், சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ ஓடியது. என் ஷெட்டில் ஆறு தறிக்கும் ஒரே மோட்டார், ஒரே ஷாஃப்ட். மோட்டார் இடத்தில் இந்த எஞ்சினுக்கு ஒரு பெல்ட்டைப் போட்டுவிட்டால்? கரண்டு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஏலே சிவனாண்டி, தண்ணியே இல்ல, எஞ்சினை வச்சு நான் என்ன செய்ய? தூக்கிட்டுப் போ. மழை பேஞ்சா குடு."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் கணக்குத்தான். மூன்று மணி நேரத்தில் எத்தனை சேலை இறங்கும்! பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் நான் 'கரிசல்காட்டான்'. தறிக்குப் பிறந்தவர்கள் யாருக்கும் தோன்றாதது காட்டானுக்குத் தோன்றியிருக்கிறது.

9-4-83, சனி

எஞ்சினை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, சிமெண்டு போட்டு உட்கார வைத்தாயிற்று. தெருவே வேடிக்கை பார்த்தது. கோமதிநாயகம் அண்ணாச்சியும் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கரண்டு கட்டு நேரத்துல ஓட்டப் போறீராக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லது" என்றார். சொல்லிவிட்டு எஞ்சினைத் தட்டிக்கொண்டே நின்றார். "அப்போ பாலத்துக்கு வர மாட்டீரு. சரி, மாத்திரையை நான் இங்கனயே கொண்டுவந்து தாரேன்."

11-4-83, திங்கள்

ஓடியது! மூன்று மணி நேரமும் நிற்காமல் ஓடியது. தறிச் சத்தத்தோடு எஞ்சின் சத்தமும் சேர்ந்து ஷெட்டில் இடி இறங்கின மாதிரி இருக்கிறது. ஆட்களோடு பேசுவதெல்லாம் இனிமேல் கைஜாடைதான். நூல் தீர்ந்துவிட்டதா, விரலைச் சுற்று. நிறுத்தணுமா, கையை விரி. பிறகு பார்க்கலாமா, உள்ளங்கையைத் திருப்பு.

புகை கண்ணைக் கரிக்கிறது. இருந்தாலும் மனசு நிறைந்து கிடக்கிறது.

14-4-83, வியாழன்

வருஷப் பிறப்பு. தறிக்கு லீவு இல்லை. அண்ணாச்சி மாத்திரையோடு வாசலில் வந்து நின்று கொடுத்துவிட்டுப் போனார். உட்காரச் சொல்ல நேரமில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

6-5-83, வெள்ளி

நூல் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கட்டு இருந்தும் சொன்ன நாளுக்கு முன்னாலேயே சேலை இறக்கியது நான் ஒருவன்தானாம். கோமதிநாயகத்துக்குக் கொடுக்கிற நூலில் பாதியை இனி எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். "அவர் தறிதான் பாதி நேரம் தூங்குதே" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் நான் வேண்டாம் என்றால் வேறொருவன் வாங்கப் போகிறான். அது நானாக இருந்தால் என்ன?

சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

7-5-83, சனி

பக்குவமாகச் சொல்ல இடமில்லாமல் போச்சு. எனக்கு முன்னால் அவருக்குச் சேதி போய்விட்டது. கட்டு நேரத்தில் வந்தார். எஞ்சினை நிறுத்தாமல் வெளியே கூட்டிப் போய் பேசினேன். அங்கேயும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பேச்சே சண்டை மாதிரி ஆரம்பித்தது, பிறகு சண்டையாகவே ஆகிவிட்டது.

"நூலை வாங்கினது தப்புன்னு சொல்லலவே. வாங்குததுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்புதான் அண்ணாச்சி, அவ்வளவுதானே. நான் சொன்னது - "தொழில்ல அதெல்லாம் பார்த்தா முடியுமா? நீரும் ஒரு எஞ்சினைப் போட வேண்டியதுதானே!" இத்தனை வருஷத்தில் அவரை நான் 'நீர்' என்று சொன்னதில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். போய்விட்டார்.

வந்து சமாதானம் சொல்லட்டும் என்று இருக்கிறேன். நான் என்ன திருடினேனா?

2-6-83, வியாழன்

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

15-6-83, புதன்

வாங்கவில்லை. அந்த டாக்டர் முன்னால் தனியாகப் போய் நிற்க என்னவோ மாதிரி இருக்கிறது.

சங்கரசுப்புவும் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்துவிட்டான். மற்ற இரண்டு பேரில் ஒருவர் தறியை விற்றுவிட்டுத் திருப்பூர் போகிறார். இன்று கட்டு நேரத்தில் பாலத்து வழியாக வர வேண்டியிருந்தது. கட்டையில் யாரும் இல்லை, ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. அண்ணாச்சி ஷெட் பூட்டிக் கிடந்தது. கட்டு நேரத்தில் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விடுகிறார் போல.

14-7-83, வியாழன்

அம்மன் கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டம் இப்போதே நெருக்கியடிக்கிறது. செண்பகவல்லி நூற்றியொரு சுற்று நேர்ந்திருக்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். "ஒங்க மூஞ்சியில சிரிப்பு வரதுக்கு" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

24-7-83, ஞாயிறு

தபசுக் காட்சி. வருஷா வருஷம் நானும் அண்ணாச்சியும் தெற்கு ரத வீதியில் ஒரே இடத்தில் நின்று பார்ப்போம். வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அம்மன் மேல் பருத்தியும் மிளகாய் வத்தலும் வீசும்போது, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டை வீசுவார். 'நமக்கு விளைச்சல் இதுதானேவே' என்பார்.

இந்த வருஷம் நான் வேறு பக்கம் நின்றேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் தெரிந்தார். ஆளே பாதியாகிவிட்டார். கழுத்தெலும்பு தள்ளிக்கொண்டு தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார், நிச்சயம் பார்த்தார். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் நாலு எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. ஒரு பெரிய பொம்பளைக் கூட்டம் வந்து குறுக்கே விழுந்தது. விலகிப் பார்த்தபோது அவர் இல்லை.

பருத்தி தலையெல்லாம் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தட்டிவிட்டேன்.

18-8-83, வியாழன்

ஷெட்டில் தலை சுற்றித் தறிமேல் சாய இருந்தேன். தறி ஓட்டுகிற பூமாரி ஓடிவந்து தோளைப் பிடித்தான். வெயில் என்று ஜாடை காட்டினேன். அந்த நேரத்தில் வெளியே மேகம் கட்டியிருந்தது.

செண்பகவல்லி சாயங்காலம் கேட்டாள், "உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"கோமதி அண்ணாச்சி எப்படி இருக்காக? வீட்டுப் பக்கமே காணும்."

"இருக்காரு. தெனமும் பாக்கேன்."

சரளமாக வந்தது பொய். ஏன் சொன்னேன்? சண்டை என்று சொன்னால் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான். ஆறு தறி, ஒரு எஞ்சின், நூல் முதலாளியின் நம்பிக்கை எல்லாம் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசத்தான் ஆளில்லை.

3-9-83, சனி

இன்று அண்ணாச்சி வந்தார்.

கட்டு நேரம். எஞ்சின் முழு ஓட்டத்தில் இருந்தது. நான் இரண்டாவது தறியில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார். எத்தனை நேரமாக நின்றாரோ. வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கை இரண்டிலும் நூல். சாயங்காலத்துக்குள் சேலை இறக்க வேண்டும்.

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். பிறகு பார்க்கலாம்.

தலையை ஆட்டினார். கோபமாக இல்லை. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. போய்விட்டார்.

சமாதானத்துக்கு வந்திருக்கிறார். அவராகத்தான் வந்தார்! எனக்கு மாலையெல்லாம் சந்தோஷம். புதன்கிழமை தறியில் இருக்கிற இந்த நூல்பாவு நெய்து முடியும். முடித்துவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போய், அவர் சம்சாரம் சுந்தரம்மாள் அக்கா கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

6-9-83, செவ்வாய்

கோமதிநாயகம் அண்ணாச்சி செத்துப் போனார்.

7-9-83, புதன்

நெஞ்சுவலி. நேற்று கட்டு நேரம் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். நெஞ்சைப் பிடிக்கிறது, வாயு என்றிருக்கிறார். நாலைந்து நாளாகவே வாயு வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடையிலிருந்து சோடா வாங்கிவரச் சொல்லி, உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

நாலைந்து நாளாக. அப்படியென்றால் சனிக்கிழமையும் வலியோடுதான் வந்து நின்றாரா?

என் மூக்கில் ரத்தம் வருவதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த மனுஷன். அவர் முகத்தைப் பார்க்க ஒரு நாதி இல்லாமல் போச்சே! தினமும் பாலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? வாயுவாவது மண்ணாவது, வாங்க அண்ணாச்சின்னு நான் சைக்கிள்ல வச்சு மிதிச்சிருக்க மாட்டேனா? நான் மிதிச்சிருப்பேன். மேட்டுல மூச்சு வாங்கினாலும் மிதிச்சிருப்பேன்.

சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து குளித்தேன். செண்பகவல்லி, "தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக, ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலியா?" என்றாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

9-9-83, வெள்ளி

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அவர் வாய் அசைகிறது. என்ன சொன்னார்? என்ன சொல்லியிருப்பார்?

21-9-83, புதன்

பதினாறாம் நாள் விசேஷம். பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சுந்தரம்மாள் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர். வீட்டுக்குள்ளேயே இருந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பார். எப்போது போனாலும் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். இன்று எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும். அவுக மனசுல என்ன கெடந்தது? எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாக. நானும் கேட்டுக்கிட்டது கெடையாது."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அக்கா விடவில்லை.

"கேட்காததுக்குக் காரணம், நீங்க இருக்கீகங்கிற தைரியந்தான். கரண்டு போனதும் சட்டையை மாட்டுவாக. சிவனாண்டிகூடப் பேசிட்டு வாரேன்னுட்டுப் போவாக. ஒரு நாள் தப்பாது. கடைசி நாளும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாக. சரி, எங்கிட்ட சொல்லாட்டாலும் சிநேகிதன்கிட்ட எறக்கி வச்சுட்டு வருவாகன்னு நான் நிம்மதியா இருந்துட்டேன். கடைசியா என்ன சொன்னாக தம்பி? எங்களப் பத்தி ஏதும் சொன்னாகளா?"

நான் என்ன நினைத்திருந்தேன்? சண்டைக்குப் பிறகு அண்ணாச்சி வீட்டில் சொல்லியிருப்பார், அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருப்பார், ஆனாலும் அவருக்கு ஆறுதலாக வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது என்று. அக்கா என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அக்காவை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். நடுவில் அந்த மனுஷன் தன்னந்தனியாகச் செத்திருக்கிறார்.

நாலு மாதம், அக்கா. நாலு மாதமாக நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. - இதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. "உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்றேன். அந்த அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பொய் கேட்டு அழுத அழுகை. என்னால் உட்கார முடியவில்லை, வந்துவிட்டேன்.

10-10-83, திங்கள்

இன்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் விழுந்துவிட்டேன். மூக்கிலிருந்து ரத்தம், நெய்துகொண்டிருந்த வெள்ளைச் சேலையெல்லாம் பாழ். பூமாரி எஞ்சினை நிறுத்திவிட்டு செண்பகவல்லியை அழைத்துவந்திருக்கிறான். இரண்டு பேருமாக ரிக்ஷாவில் போட்டு ரத வீதி டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஊசி போட்டுவிட்டு, "மாத்திரையை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று அதட்டினார். அப்புறம் கேட்டார், "அன்னைக்கு உங்களை சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வந்தாரே, ஒல்லியா, ஒருத்தர். அவர்கிட்ட நான் அவ்வளவு சொன்னேனே. அவர் எங்கே?"

அதுக்கு மேல என்னால முடியல. அந்தக் கட்டிலிலேயே, டாக்டர் இருக்கார், செண்பகவல்லி இருக்கா, யாரோ கம்பவுண்டர் இருக்கான், ஒண்ணும் பார்க்காம அழுதேன். எல்லாத்தையும் சொன்னேன். பிரஷர், மாத்திரை, நூல், சண்டை, வாசல்ல வந்து நின்னது, கையைத் திருப்பிக் காட்டினது. அந்த அக்காகிட்ட சொன்ன பொய். எதுக்கு முன்னாடி எது சொன்னேன்னே தெரியல.

டாக்டர் பாதியில் எழுந்து போய் வேறு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தார். செண்பகவல்லி மட்டும் நான் முடிக்கும்வரை நகரவில்லை.

11-10-83, செவ்வாய்

செண்பகவல்லிக்குக் கோபம். இருக்காதா? காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"நான் பயந்துக்கிடுவேன்னுதானே சொல்லல? இப்ப மட்டும் பயப்படாம இருக்கேனாக்கும்? அவுக போன மாதிரி நீங்களும் போயிருந்தா, நானும் அந்த அக்கா மாதிரி ஒவ்வொரு ஆளா கூப்பிட்டு, எம் புருசன் மனசுல என்ன இருந்ததுன்னு கேட்டுக்கிட்டு அலையணுமா?"

மாத்திரையை விழுங்கினேன். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

போகும்போது சொன்னாள், "அந்த அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க. இல்லேன்னா அதுவும் உள்ள கெடந்து ஒங்களத் திங்கும்."

20-10-83, வியாழன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கிணற்றில் ஊற்று வந்துவிட்டதாம். எஞ்சினை ஏற்றி அனுப்பிவிட்டேன். இந்த மழை போன வருஷமே பெய்திருந்தால் என்று நினைக்கிறேன். நினைத்து என்ன செய்ய?

27-10-83, வியாழன்

இன்று போகலாம் என்று சட்டை போட்டேன். கழற்றிவிட்டேன்.

30-10-83, ஞாயிறு

போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். செண்பகவல்லி கேட்கவில்லை.

அண்ணாச்சி ஷெட்டில் நாலு தறி ஓடுகிறது. அக்காவும் அவர் தங்கச்சி பிச்சம்மாளும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதி நூலைத் திரும்ப அவர்களுக்கே கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசியாகிவிட்டது என்று முதலில் சொன்னேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. அக்கா சந்தோஷப்பட்டார். "அவுக இருந்தா நீங்க செய்யுததப் பாத்து எவ்வளவு குளுந்திருப்பாக" என்றார். அப்படி அவர் சொன்ன பிறகு கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. செண்பகவல்லி என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சித்திரையிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. கட்டு நேரத்தில் அவர் என்னோடு இல்லை. நான் எஞ்சினோடு இருந்தேன். பாலத்திலும் அவர் இல்லை, அங்கே யாருமே இல்லை. ஒரே ஒரு நாள் வாசலுக்கு வந்தார், நான் அனுப்பிவிட்டேன். எங்கிட்ட அவர் கடைசியா ஒண்ணுமே சொல்லலக்கா.

திட்டுவார் என்று காத்திருந்தேன். வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அக்கா முகத்தில் கோபமே வரவில்லை, எதையோ யோசிக்கிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் என்னைக் கேட்கிற மாதிரி இல்லாமல், பொதுவாகக் கேட்டார்:

"அப்போ, தெனமும் சட்டையை மாட்டிக்கிட்டு, அந்த வெயில்ல, எங்கதான் போயி உக்காந்திருந்தாக?"

செண்பகவல்லி எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.